மஜ்ஜை மாற்று: வேலூருக்குப் போகும் முன்னும், ஊர் திரும்பிய பின்னும்

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் "எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும்" என்று டாக்டர் சொன்ன செய்தி வந்து சேர்ந்தால், முதலில் எழும் கேள்விகள் இவைதான்: எலும்பை அறுப்பார்களா? முதுகுத்தண்டில் ஊசி போடுவார்களா? மஜ்ஜை கொடுத்த பிள்ளை பிறகு வயலில் இறங்கி வேலை செய்ய முடியுமா? இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு, நல்ல பதில்தான். ஆனால் நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கும் கேள்விகள் வேறு. செல்லை உடலில் ஏற்றும் சில மணி நேரம் இந்தச் சிகிச்சையின் மிகச் சிறிய பகுதி. அதற்கு முந்தைய சில மாதங்களும் பிந்தைய ஓர் ஆண்டும்தான் உண்மையான சிகிச்சை. அதில் பெரும்பகுதி உங்கள் வீட்டில், உங்கள் அடுப்படியில், உங்கள் வாய்க்கால் கரையில் நடக்கிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் மருத்துவமனை அறையைச் சுருக்கமாகவும் வீட்டை விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

எலும்புக்குள் இருக்கும் மென்மையான திசு மஜ்ஜை. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அங்கே ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கின்றன. சிலருக்கு மஜ்ஜை வற்றிவிடுகிறது. அது ஏபிளாஸ்டிக் அனீமியா. சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பணு பழுதாக உருவாகிறது, அது தலசீமியா. சிலருக்கு மஜ்ஜைக்குள்ளேயே புற்று வளர்கிறது, அது லுக்கேமியா. இந்த மூன்றிலும், பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். அந்தச் செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய்த் தங்கிப் புதிய ரத்தத்தை உற்பத்தி செய்யத் தொடங்கும். நோயாளிக்குக் கத்தி படுவதில்லை. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை தொங்கும், அவ்வளவுதான்.

மைலோமா நோயாளிகளின் பாதை வேறு. அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லையே முன்கூட்டி எடுத்துப் பாதுகாத்து, மெல்ஃபலான் என்ற மருந்தை அதிக அளவில் கொடுத்தபின் திருப்பி ஏற்றுவார்கள். கொடையாளர் வேண்டாம், ஆபத்தும் குறைவு. ஆனால் அது பெரும்பாலும் நோயை அடியோடு ஒழிப்பதில்லை. பல ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடுகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது சொந்தச் செல்லா, பிறர் செல்லா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து ஊர்க்காரர் பதினைந்து நாளில் தேறிவிட்டார் என்று கேள்விப்பட்டு, அதே கணக்கில் உங்கள் வீட்டை ஏற்பாடு செய்துவிட்டால் சிக்கல். இனி இந்த அத்தியாயத்தில் வருவதெல்லாம் பிறர் செல்லை ஏற்றிக்கொள்வோருக்கானது.

ரத்தப் புற்று என்று காதில் விழுந்ததுமே மாற்று சிகிச்சைதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். சி.எம்.எல். என்ற நாள்பட்ட வகைக்கு ஒரு காலத்தில் மஜ்ஜை மாற்றுதான் வழியாக இருந்தது. 2001இல் இமாடினிப் மாத்திரை வந்தபின், மிகப் பெரும்பாலோர் மாத்திரையோடு நெடுங்காலம் வாழ்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகையிலும் பெரும்பாலானவர்கள் கீமோதெரபியிலேயே குணமாகிறார்கள்.

இந்தச் சிகிச்சையின் தொடக்கம் துயரமானது. 1957இல் அமெரிக்காவில் டொன்னால் தாமஸ் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது நோயாளிகள் பிழைக்கவில்லை. மறு ஆண்டு யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்கு, பாரிஸில் ஜார்ஜ் மாத்தே முன்பின் தெரியாத கொடையாளர்களின் மஜ்ஜையை ஏற்றினார். ஒருவர் உடலை இன்னொருவரின் செல் ஏற்குமா என்பதை முடிவு செய்யும் எச்.எல்.ஏ. அடையாளங்களைப் பற்றி ஜான் தோசே முதலில் எழுதியதும் அதே 1958இல்தான். அந்த அறிவு கைவந்தபின், 1968இல் ராபர்ட் குட் ஒரு குழந்தைக்கு அதன் சகோதரியின் மஜ்ஜையை ஏற்றிக் காப்பாற்றினார். இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானியும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யில் மாமன் சாண்டியும் தொடங்கிவைத்தார்கள். டெல்டா மக்கள் இன்றும் பெரும்பாலும் போய்ச் சேர்வது வேலூருக்குத்தான். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம், அப்போலோ, புதுச்சேரியில் ஜிப்மர் ஆகியவற்றிலும் இதற்கான பிரிவுகள் உண்டு.

யாருடைய செல் பொருந்தும்

எச்.எல்.ஏ. அடையாளங்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. ஒரு தொகுப்பு தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து. ஆகவே ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களில், இருவருக்கு முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உடன்பிறந்தவர் ஒருவர் என்றால் 25 சதவீதம், இருவர் என்றால் ஏறக்குறைய 44, மூவர் என்றால் 58. தாத்தா காலத்தில் எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் இப்போது இரண்டே பேர். அதனால் இந்தக் கணக்கு முன்பைவிடக் கடினமாகிவிட்டது. ரத்தப் பிரிவு ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஓ பாசிட்டிவ் நோயாளிக்கு பி பாசிட்டிவ் அண்ணன் கொடுக்கலாம். சில மாதங்களில் நோயாளியின் ரத்தப் பிரிவே பி பாசிட்டிவாக மாறிவிடும். அதைப் பையில் வைத்திருக்கும் அட்டையில் எழுதி வைக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று முறைக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் ஒரே எச்.எல்.ஏ. தொகுப்பு பல கிளைகளில் திரும்பத் திரும்ப வரும். அதனால் உடன்பிறப்பு பொருந்தாவிட்டாலும், சித்தப்பா மகளோ பெற்றவர்களோ முழுமையாகப் பொருந்த வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் போகும்போது குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து, யார் யாரை மணந்தார், அவர்களுக்குள் என்ன உறவு என்று எழுதிக் கொண்டுபோங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இதே உறவுமுறை மணம்தான் தலசீமியா போன்ற நோய்கள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. வீட்டில் ஒரு குழந்தைக்கு அந்த நோய் இருந்தால், கல்யாணம் பேசும் நிலையில் இருக்கும் மற்ற எல்லோரும் ஹீமோகுளோபின் எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஜாதகத்துக்கு முன் அதைப் பாருங்கள் என்று நான் அழுத்தியே சொல்கிறேன்.

முழுப் பொருத்தம் யாருமே இல்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, பாதிப் பொருத்தம். தாயும் தந்தையும் பெற்ற பிள்ளையும் எப்போதும் பாதியாவது பொருந்துவார்கள். செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு மருந்து கொடுக்கும் முறை வந்தபின் இது உலகமெங்கும் பரவிவிட்டது. செலவும் தொற்று ஆபத்தும் கூடுதல். மற்றொன்று, பதிவேடு. 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற அமைப்புகளில், 18 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள் கன்னத்தின் உட்புறத்துப் பஞ்சு மாதிரியைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். நோயாளியின் அடையாளம் பெரும்பாலும் தன் சொந்த இனக்குழுவுக்குள்தான் கிடைக்கும். ஜெர்மனியின் பதிவேட்டில் லட்சக்கணக்கானவர்கள் இருந்தாலும், ஒரத்தநாட்டுப் பையனுக்குப் பொருந்துபவர் அங்கே இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கொடுப்பவருக்கு என்ன ஆகும்? இரண்டு முறைகள் உண்டு. முதலாவதில், மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். முதுகுத்தண்டுக்கு அங்கே வேலையே இல்லை. சில நாள் இடுப்பு வலிக்கும். இரண்டாவதில், நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கையில் குழாய் மாட்டி, இயந்திரம் வழியாக நான்கைந்து மணி நேரத்தில் பிரித்தெடுப்பார்கள். அந்த நாட்களில் எலும்பு குடைச்சல் இருக்கும், பாராசிட்டமால் போதும். கொடுத்த செல்லைச் சில வாரங்களில் உடல் மீண்டும் உற்பத்தி செய்துவிடும். ஆண்மைக்கோ, பிள்ளைப்பேற்றுக்கோ, நாற்று நடும் தெம்புக்கோ குறை வராது.

இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொருத்தம் கட்டிக்கொடுத்த தங்கைக்கு அமைந்து, புகுந்த வீடு தயங்கி நிற்பது நம் ஊர்களில் நடக்கிறது. "இனிமேல் குழந்தை பிறக்காமல் போய்விட்டால்?" என்று மாமியார் கேட்பார். அதை அந்தப் பெண் தனியாக நின்று எதிர்கொள்ள விடாதீர்கள். கணவரையும் மாமியாரையும் நேரில் அழைத்துப்போய் டாக்டர் எதிரில் உட்கார வையுங்கள். அவர்கள் மனதில் உள்ள கேள்வி நியாயமானது. பதிலை அவர்கள் டாக்டர் வாயால் கேட்க வேண்டும். அதே சமயம், அந்தப் பெண் தனக்கு விருப்பமில்லை என்று சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். எந்த நல்ல மருத்துவமனையும் கொடையாளரைத் தனியே அழைத்துச் சம்மதம் கேட்கும்.

ஆனால் நோயாளிக்கு அழிப்பு மருந்து தொடங்கிய பிறகு கொடையாளர் பின்வாங்கினால், நோயாளி மஜ்ஜையே இல்லாமல் நிற்பார். ஆகவே தயக்கம் எதுவானாலும் அதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும்.

புறப்படும் முன்

இந்த நோய்களில் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு யூனிட் தேவை என்றால் அண்ணன் தம்பி, மாமன், மச்சான் என்று ஊரே வந்து நிற்கும். அந்த மனசு பெரிது. ஆனால் மாற்று சிகிச்சைக்கு வாய்ப்புள்ள நோயாளிக்கு, அதிலும் ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கு, ரத்த உறவினரின் ரத்தத்தை ஏற்றக் கூடாது. நோயாளியின் உடல் அந்தக் குடும்பத்து அடையாளங்களை எதிரியாகப் பழகிக்கொள்ளும்; பின்னால் அதே அண்ணனின் மஜ்ஜையை ஏற்றும்போது நிராகரித்துவிடலாம். உறவினர்கள் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், அது வேறு நோயாளிக்குப் போகட்டும். உங்கள் நோயாளிக்கு அந்நியர் ரத்தம் வரட்டும். இதை வார்டு டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். எத்தனை யூனிட் ஏறியது என்ற கணக்கையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாற்றுப் பிரிவில் முதல் நாளே கேட்பார்கள்.

ஏபிளாஸ்டிக் அனீமியாவைப் பற்றி டெல்டாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. இந்த நோய் மேற்கு நாடுகளைவிட ஆசியாவில் இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம்மைப்போலவே நெல் விளையும் தாய்லாந்தில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வு, சில பூச்சிமருந்துகளுக்கும் நாட்டுப்புறத்துச் சுத்திகரிக்காத குடிநீருக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு தெரிவதாகச் சொன்னது. ஒரு தனி மனிதருக்கு எதனால் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குணமாகித் திரும்பியவர் மருந்து தெளிப்பானை மறுபடி தோளில் மாட்டக் கூடாது. வீட்டுக்குள் பூச்சிமருந்து டப்பா வைக்கவும் கூடாது.

தலசீமியா குழந்தைகளுக்கு, ஏற்றிய ரத்தத்தின் இரும்பு ஈரலில் படிந்துவிடும். அதை வெளியேற்றும் மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்து வந்த குழந்தைக்கும் கொடுக்காமல் விட்ட குழந்தைக்கும் மாற்று சிகிச்சையின் பலனில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஈரல் கெடுமுன், சிறு வயதிலேயே செய்வது நல்லது.

சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள் அல்லது அடைத்துவிடுங்கள். பிறகு பல நாள் வெள்ளையணு இல்லாத உடலில் அந்தப் பல் உயிருக்கே ஆபத்தாகும்.

அழிப்பு மருந்துகள் பிள்ளை பெறும் திறனைப் பெரும்பாலும் பாதிக்கும். வயது வந்த பையன் என்றால் விந்தணுவை முன்கூட்டிச் சேமித்து வைக்க முடியும்; பெண்களுக்கும் வழிகள் உண்டு, ஆனால் அவகாசம் வேண்டும். பதினெட்டு வயதுப் பையனின் அப்பா இதைக் கேட்கக் கூச்சப்படுவார், டாக்டரும் அவசரத்தில் மறந்திருப்பார். கேட்டுவிடுங்கள், பத்து வருடம் கழித்து அந்தப் பையன் உங்களிடம் கேட்பான்.

நோயாளியிடம் நோயின் பெயரை மறைப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்தச் சிகிச்சைக்கு அது ஒத்துவராது. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்க முடியாத நாளில், ஏன் இதைத் தாங்க வேண்டும் என்பது தெரிந்தவரால் மட்டுமே மாத்திரையை விழுங்க முடியும். குழந்தைக்குக்கூட அதற்குப் புரியும் அளவில் சொல்லுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிப்போங்கள். இந்த நோய்க்கு, இந்த நிலையில், இந்தக் கொடையாளரை வைத்து, உங்கள் பிரிவில் பத்துப் பேருக்குச் செய்தால் எத்தனை பேர் ஓராண்டைத் தாண்டுகிறார்கள்? சிகிச்சையாலேயே இறப்பவர் எத்தனை பேர்? நோய் திரும்புவது எத்தனை பேருக்கு? மாற்று செய்யாவிட்டால் வேறு என்ன வழி? இப்படிக் கேட்பது அவமரியாதை இல்லை. இளம் வயது, ஏபிளாஸ்டிக் அனீமியா, முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு என்றால் பத்தில் ஏழெட்டுப் பேர் நலமடைவது இயல்பு. கட்டுக்குள் வராத லுக்கேமியாவில் அந்த எண் வெகுவாகக் குறையும். அது தெரிந்தால்தான் நிலத்தை விற்கலாமா என்று முடிவெடுக்க முடியும்.

பணத்துக்கு வருகிறேன். உடன்பிறப்பின் செல் என்றாலும் தனியார் மருத்துவமனையில் பத்து லட்சத்தைத் தாண்டும். பாதிப் பொருத்தத்தில் இன்னும் கூடும். நகை அடகு, நிலம் ஒத்தி என்று இறங்குமுன் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். மஜ்ஜை மாற்று உள்ளிட்ட சில அரிய சிகிச்சைகளுக்கு, தனி நிதியிலிருந்து 22 லட்சம் வரை அனுமதிக்க வழி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் அட்டை வாங்கலாம். நீங்கள் போகும் மருத்துவமனை, மஜ்ஜை மாற்றுக்கு அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தலசீமியாவுக்கும் ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கும் கோல் இந்தியா நிறுவனத்தின் உதவித் திட்டம் ஒன்று 2017 முதல் இருக்கிறது. முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு இருந்தால் 10 லட்சம் வரை கொடுக்கும். வேலூர் சி.எம்.சி. அதில் ஒரு மையம். இந்த விண்ணப்பங்கள் வாரக்கணக்கில் எடுக்கும். அழிப்பு மருந்து தொடங்கியபின் போடத் தொடங்கினால் பயனில்லை.

வேலூருக்கு மன்னார்குடியிலிருந்து திருவாரூர், மயிலாடுதுறை வழியாகப் போகும் பாமணி எக்ஸ்பிரஸ் காட்பாடிவரை கொண்டுபோய்விடும். தினமும் கிடையாது, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சி.எம்.சி.க்கு வேலூர் ஊருக்குள்ளும் ராணிப்பேட்டை அருகிலும் வளாகங்கள் இருக்கின்றன. சீட்டில் எந்த வளாகம் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். புற்றுநோய், தலசீமியா நோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவம் வேண்டும்.

அந்த அறை

காற்றை வடிகட்டும் தனி அறை. கழுத்து அல்லது மார்பு நரம்பில் ஒரு குழாய் போடுவார்கள். எல்லா மருந்தும் ரத்தமும் அதன் வழியே. அழிப்பு மருந்து நாட்களை மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு என்று எண்ணுவார்கள். செல் ஏற்றும் நாள் ஜீரோ. அன்று பெரிதாக ஒன்றும் நடக்காது. எதிர்பார்த்து வந்த குடும்பத்துக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். கஷ்டம் அதற்குப் பிறகு. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முடி உதிர்தல். தினமும் காலையில் "கவுண்ட் ஏறியதா?" என்ற ஒரே கேள்விதான். வெள்ளையணுவில் நியூட்ரோஃபில் என்ற வகை 500க்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் நின்றால், செல் தங்கிவிட்டது என்று பொருள். அது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் நடக்கும்.

செல் தங்கியபின் வரும் பெரிய சிக்கலை ஜி.வி.எச்.டி. என்பார்கள். வந்த செல் நோயாளியின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்குவது அது. உள்ளங்கை, உள்ளங்கால், காதோரம் சிவந்து தடித்தல்; அடங்காத வயிற்றுப்போக்கு; கண் மஞ்சளாதல். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். இதைத் தடுக்கத்தான் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முன்பே போட்டுவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். பம்ப்ளிமாஸ் பழம் இந்த மருந்தின் அளவைத் தாறுமாறாக்கும், தொடவே கூடாது. தட்டணு ஏறட்டும் என்று யாராவது பப்பாளி இலைச் சாறு கொண்டுவருவார்கள், எதிர்ப்பு சக்திக்கு என்று கஷாயம் கொண்டுவருவார்கள். அன்போடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நோயாளிக்குக் கொடுக்காதீர்கள்.

நூறு நாளும் அறுவடையும்

அறையிலிருந்து வெளியே வந்தாலும், பெரும்பாலான மருத்துவமனைகள் ஏறக்குறைய நூறு நாள்வரை பக்கத்திலேயே தங்கச் சொல்லும். சமையலறை உள்ள வாடகை அறை பாருங்கள். துணைக்கு ஒருவர் போதாது, மாற்றி மாற்றி இருக்க இருவர் வேண்டும்.

லுக்கேமியா உங்களுக்கு நாள் பார்க்க அவகாசம் தராது. தலசீமியா போன்றவற்றில் தேதியைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. அப்போது பயிர்க் கணக்கையும் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று செல் ஏற்றினால், நூறாவது நாள் செப்டம்பர் 20. ஊர் திரும்பும்போது குறுவை அறுவடைத் தூசி. அக்டோபரில் ஏற்றினால் சம்பா அறுவடைக்குள் வந்து இறங்குவீர்கள். டிசம்பர் கடைசியில் ஏற்றினால் ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பலாம். வயல் காய்ந்திருக்கும், கதிர் அடித்து முடித்திருப்பார்கள், மழையும் இருக்காது. டாக்டருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏன் இத்தனை பயம் என்றால், வைக்கோலிலும் உமியிலும் நெல் மூட்டையிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வாழ்கிறது. நல்ல உடம்பு அதை நாள்தோறும் சுவாசித்துத் தப்பிக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் அது நுரையீரலைத் தின்றுவிடும். நெல் வயலின் ஈரச் சேற்றில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது; வெறுங்காலில் உள்ள வெட்டு வழியாகவும் மழைக்காலக் காற்று வழியாகவும் புகும். வேலூர் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவரும் நோய் இது. வரப்பில் எலி கழித்த சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல். இந்த மூன்றும் டெல்டா நோயாளியின் வாசலில் இருப்பவை.

ஆகவே முதல் ஓராண்டு வயலில் இறங்கக் கூடாது, களத்துப் பக்கம் போகக் கூடாது, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஆடிப்பெருக்கானாலும் ஆற்றிலோ வாய்க்காலிலோ குளத்திலோ குளியல் இல்லை. மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் போரும் வீட்டை ஒட்டி இருந்தால், நோயாளி வருமுன் போரை இடம் மாற்றுங்கள், மாட்டை அண்டை வீட்டில் கட்டுங்கள். வாசலில் சாணம் தெளிப்பதை ஓராண்டு நிறுத்தி வையுங்கள். நெல் மூட்டை, குதிர் எதுவும் நோயாளி படுக்கும் வீட்டுக்குள் வேண்டாம். வீடு வயலுக்கு நடுவே என்றால், முடிந்தவர்கள் சில மாதம் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பதையே நான் சொல்வேன். பார்க்க வருபவர்கள் தலையில் பூ வைத்து வர வேண்டாம். சளி, இருமல் உள்ளவர் வரவே வேண்டாம். வராதே என்று சொல்வது நம் ஊரில் பெரும் பாவம்போலத் தோன்றும். ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவரை அந்தப் பொறுப்பை ஏற்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஒரே விதி: கொதித்தது, ஆவியில் வெந்தது, அப்போதே சமைத்தது. இட்லி சாப்பிடலாம், சூடாக. பழைய சோறும் நீராகாரமும் கூடாது. இதுதான் பலருக்குத் தாங்க முடியாத இழப்பு, தெரிந்தேதான் சொல்கிறேன். பச்சைத் தேங்காய்ச் சட்னி, ஊறுகாய், கடை மோர், கோயில் பிரசாதம், நறுக்கி விற்கும் பழம் ஆகியவை டாக்டர் அனுமதிக்கும்வரை வேண்டாம். தோல் தடித்த வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவற்றைக் கழுவி உரித்துத் தரலாம். கேன் தண்ணீரானாலும் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்க வேண்டும். பால் காய்ச்சிக் கலந்த காபி தாராளமாக. வெற்றிலை பாக்கு எப்போதைக்குமே வேண்டாம்: ஜி.வி.எச்.டி. வாயையும் தாக்கும், இவர்களுக்கு வாய்ப்புற்று ஆபத்தும் கூடுதல்.

வெயில் தோலின் ஜி.வி.எச்.டி.யைக் கிளப்பிவிடும்; குடை, முழுக்கைச் சட்டை. பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பு போய்விட்டிருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மறுபடி முதலிலிருந்து போடத் தொடங்குவார்கள். தட்டம்மை, அம்மைக்கான உயிருள்ள தடுப்பூசிகளுக்கு இரண்டு ஆண்டாவது ஆக வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதற்குப் போலியோ சொட்டு மருந்து தருமுன் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். சொட்டு மருந்தின் வைரஸ் நோயாளிக்குப் பரவலாம், ஊசி மருந்து மாற்றாக இருக்கிறது.

கடைசியாக, ஊர் திரும்பும் நாளிலேயே மூன்று வேலை செய்யுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். மாற்றுப் பிரிவின் சுருக்கக் கடிதத்தை நான்கு பிரதி எடுங்கள். அதில் மருந்துகளின் பட்டியல், புதிய ரத்தப் பிரிவு, கதிர்வீச்சு செலுத்திய (இர்ரேடியேட்டட்) ரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும் என்ற குறிப்பு, பிரிவின் இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அது தஞ்சாவூரோ திருவாரூரோ நாகப்பட்டினமோ, உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் போய், ஒரு பிரதியைக் காட்டி ஒரு டாக்டரிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போகும் வழியிலேயே மாற்றுப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள்.